ஷாக்கப்சரும் பூசணிக் குழந்தையும்

உலகத்தில் குலுங்குகிற பொருள்கள் அத்தனையையும் தன் சொந்தப் பகையாளியாக நினைத்த மனிதர் ஒரே ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் எதிர்வீட்டில் இருந்தார். பஸ் குலுங்கினால் அவருக்குக் கோபம் வரும். கட்டில் ஆடினால் கோபம் வரும். பக்கத்து வீட்டுக்காரர் சிரிக்கும்போது தொப்பை குலுங்கினால்கூட, "சாருக்கு முன்பக்கம் ஸ்பிரிங்கு வீக்கா கீது" என்று மனைவியிடம் சொல்லுவார். மறைமலைநகரில் வண்டிகளுக்கு ஷாக் அப்சார்பர் செய்கிற ஒரு கம்பெனியில், தயாரான சரக்கைச் சோதித்துப் பாஸ் போடுகிற வேலையிலேயே தலை நரைத்து ரிட்டையர் ஆனவர். மெக்கானிக் ஷெட்டில் அந்தச் சாமானை ஷாக்கப்சர் என்பார்கள். அவருக்கும் அதுவே பெயர். அவருடைய நிஜப்பெயர் கேஸ் சிலிண்டர் போடுகிறவருக்கு மட்டும்தான் தெரியும்.

நாங்கள் இருந்த இடத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். திருப்போரூருக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, 'ஓஷன் கிரீன் பாரடைஸ்' என்று ஒரு மனைப்பிரிவு. மனை விற்றவர் கொடுத்த வழவழப்பான நோட்டீசில் முப்பதடித் தார்ச்சாலை இருந்தது. அந்தச் சாலையில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துச் சிரித்துக்கொண்டே போனது. வீடு கட்டிக் குடிவந்து பார்த்தால் ஓஷனும் இல்லை, பாரடைசும் இல்லை. கிரீன் மட்டும் இருந்தது, அதுவும் கோரைப்புல். ஒரு காலத்தில் ஏரியை ஒட்டிய நஞ்சை அது. நாலு நாள் மழை பெய்தால் ஏரி தன் பழைய விலாசத்தை ஞாபகம் வைத்துக்கொண்டு நேரே வந்துவிடும். ரோடு வரப்போகிறது என்று எங்கள் சங்கச் செயலாளர் பொங்கலுக்குப் பொங்கல் அறிவிப்பார். அவர் வீட்டு வாசலில் இருந்த பள்ளம்தான் இருப்பதிலேயே பெரியது. அதற்குச் 'செயலாளர் குளம்' என்று பெயர் வைத்திருந்தோம்.

குலுக்கலை வெறுக்கிற மனிதருக்கு ஆண்டவன் ஒதுக்கிக் கொடுத்த இடத்தைப் பாருங்கள்.

அதற்காக அவர் மனம் தளர்ந்துவிடவில்லை. எதைக் கண்டாலும் சோதித்துப் பார்ப்பார். யார் வீட்டு வாசலில் கார் நின்றாலும் போய் பானெட்டை இரண்டு கையாலும் அமுக்கிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கிவிட்டு வருவார். தெருவில் ஒரு சாவு. பெரியவரை ஏற்றிக்கொண்டு அமரர் ஊர்தி சேற்றில் ஆடி ஆடிப் போகிறது. எல்லோரும் அழுதுகொண்டிருக்கும்போது என் காதருகே வந்து, "பின்னாடி புஷ்ஷு போச்சு சார். அண்ணாத்த உயிரோட இருந்தா இந்த வண்டியில ஏறவே மாட்டாரு" என்றார். எனக்கு வந்த சிரிப்பை அழுகையாக மாற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஒரே மகள் தேவிக்கு மாப்பிள்ளை பார்த்த கதை இன்னும் விசேஷம். பையனுக்கு என்ன படிப்பு, என்ன உத்தியோகம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தம்ளர் நிறைய, விளிம்பு தட்டத் தட்டக் காபியை ஊற்றி அவன் கையில் கொடுத்துத் தன் ஸ்கூட்டரின் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டார். எங்கள் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கினார். பையன் புத்திசாலி. செயலாளர் குளம் வருவதற்கு முன்பே காபியைக் குடித்துவிட்டான். "சிந்தல சார்! ஒரு சொட்டு சிந்தல! பாஸு!" என்று எங்கள் வீட்டுக்கு ஓடி வந்து சொன்னார். ரகசியத்தை மாப்பிள்ளை கல்யாணத்துக்குப் பிறகு என்னிடம் சொன்னார். நான் இன்றுவரை வாய் திறக்கவில்லை.

தேவிக்கு முதல் பிரசவம் அம்மா வீட்டில் நடந்தது. பெண் குழந்தை, யாழினி என்று பெயர். ஷாக்கப்சர் தம்பதி தரையில் நடக்கவே இல்லை. வந்தது மழைக்காலம். குழந்தைக்குத் தடுப்பூசி போடும் நாளில் ஆட்டோக்காரர் மெயின் ரோட்டிலேயே நிறுத்திக்கொண்டு, "உள்ள வண்டி வராதும்மா, படகு வேணா சொல்லி வுடவா?" என்றார். சொந்தக்காரர் யாரோ பரிசாகக் கொடுத்த தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துத் தள்ளினார்கள். பத்து வீடு தாண்டுவதற்குள் சக்கரம் நாலும் சேற்றில் புதைந்தன. குழந்தையைத் தூக்கப்போன தேவி வழுக்கி முழங்கால்வரை இறங்கிவிட்டாள். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் வீறிட்டு அழுத அழுகை மெயின் ரோடு வரை நிற்கவில்லை. அடுத்த வாரமே தேவி மூட்டையைக் கட்டிக்கொண்டு சிறுசேரிப் பக்கம் தன் பன்னிரண்டாவது மாடி ஃபிளாட்டுக்குப் போய்விட்டாள்.

போகும்போது அவள் சொன்னதை நான் என் வாசலிலிருந்தே கேட்டேன்.

"லீவு முடிஞ்சா நான் வேலைக்குப் போவணும்ப்பா. புள்ளைய உங்ககிட்ட வுட எனக்கு மட்டும் ஆசை இல்லையா? ஆனா அவசரம்னா இந்த ரோட்டுல எப்படி வெளிய கொண்டாருவ? மழை நாள்ல, வூட்லேர்ந்து மெயின் ரோடு வரைக்கும், புள்ள அழாம ஒரு வண்டியில தள்ளிக்கினு வந்து காட்டு. இங்கயே வுட்டுட்டுப் போறேன். இல்லன்னா டே கேர்ல போட்டுடுவேன்."

அவள் போனபிறகு ஷாக்கப்சர் என்னிடம் வந்தார். "டே கேர்ல இன்னா சார் பண்ணுவாங்க? தூளியில போட்டு ஆட்டுவாங்க. யார் பாஸ் போட்ட தூளியோ!" என்றார். கண் கலங்கியிருந்தது. அதுவரை அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த எனக்கு அன்றைக்குச் சிரிக்கத் தோன்றவில்லை.

மறுநாளே தேடுதல் தொடங்கியது. கைபேசியில் உலகத்துத் தள்ளுவண்டிகளை எல்லாம் பார்த்தார். வெளிநாட்டு அம்மாள் ஒருத்தி காட்டுப்பாதையில் வண்டியைத் தள்ளிக்கொண்டே, எந்தச் சேற்றிலும் போகும் என்று சத்தியம் செய்கிற வீடியோ ஒன்றை எனக்குக் காட்டினார். "சேறா சார் இது? இதும் மேல காஞ்ச எல கெடக்குது, அதும் மேல வண்டி போவுது. இது கேக்கு சார்! நம்ப சேறு வேற. காலப் புடிச்சா கம்மல கழட்டிக் குடுத்தாத்தான் வுடும்" என்றார்.

சோதனை என்றால் லோடு வேண்டும். பேத்தியை வைத்துச் சோதிக்க முடியுமா? காய்கறிக் கடைக்குப் போய்த் தராசில் எடை பார்த்து, பேத்தியின் எடைக்கு எடை ஒரு வெள்ளைப் பூசணிக்காய் வாங்கிவந்தார். குழந்தைக்கு முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று தெரியவேண்டுமே என்று மனைவி சரோஜா அம்மாவைக் கண்மையால் முகம் வரையச் சொன்னார். அந்த அம்மா கோலம் போடுவதில் கெட்டிக்காரர். முகத்தில் கை பழகவில்லை. கண் இரண்டும் உருட்டி விழிக்க, வாய் காதுவரை போக, நாக்கு மட்டும்தான் பாக்கி. அதற்கு மேலே யாழினியின் ரோஜா நிறத் தொப்பியை மாட்டினார்கள். மடியில், அதாவது மடி இருக்கவேண்டிய இடத்தில், தளும்பத் தளும்ப ஒரு தம்ளர் தண்ணீர்.

முதல் வண்டி வந்தது. ஒரு கையால் மடக்கலாம், காபிக் கோப்பை வைக்க இடம் உண்டு, கைபேசி வைக்க இடம் உண்டு. சக்கரம்தான் இருக்கிறதா என்று குனிந்து பார்க்கவேண்டும். "பட்டாணி சைசுல வீலு வெச்சிகினு பேரப் பாரு, ஆல் டெரெய்ன்! எந்தத் தரையிலயும் போவுமாம்!" என்று உறுமிக்கொண்டே தள்ளினார். சேற்றில் இறங்கியதும் முன்சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பி நின்றுகொண்டது. பூசணிக்காய் எங்களை முறைத்தது. அன்று சாயங்காலமே வண்டி திரும்பிப் போனது. எடுத்துப்போக வந்த டெலிவரிப் பையன் காரணம் கேட்டான். "மால்ல தள்ற வண்டின்னு போட்டுக்க. மண்ணுல தள்றதுன்னு பொய் சொல்லாத" என்றார். அவன் ஏதோ ஒன்றை அமுக்கிவிட்டுத் தப்பித்துப் போனான்.

இதற்குள் தெருவில் வேறு ஒரு கதை நடந்தது. கண்ணை உருட்டும் பூசணிக்காயை ஒருவர் தினமும் வீடு வீடாகத் தள்ளிக்கொண்டு போனால் நம் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? மனைப்பிரிவுக்குப் பிடித்த கண்திருஷ்டியை எல்லாம் வாங்கிக்கொண்டு போகிறார் என்றே முடிவு செய்துவிட்டார்கள். ரோடு வராததே திருஷ்டியால்தான் என்று செயலாளர் வெகுநாளாக நம்பியிருந்தவர். ஒரு அம்மாள் வாசலில் கற்பூரத்தோடு காத்திருந்தார். இன்னொருவர், "சார், எங்க வூட்டாண்ட மட்டும் ரெண்டு தபா நிறுத்திட்டுப் போங்க, மாமியார் வந்துகீறாங்க" என்றார். ஷாக்கப்சருக்கு இது எதுவும் உறைக்கவில்லை. தம்ளரை விட்டுக் கண்ணை எடுத்தால்தானே!

அமாவாசையன்று பால் வாங்க வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கடைக்குள் போனார். திரும்பி வந்தால் வண்டியில் தொப்பி மட்டும் இருந்தது. முச்சந்தியில் குங்குமம் தடவிய பூசணிக்காய் சுக்கல் சுக்கலாகக் கிடந்தது. பக்கத்தில் செயலாளர் கும்பிட்டுக்கொண்டு நின்றார்.

"யோவ், அது என் லோடுய்யா!" என்று ஷாக்கப்சர் கத்தினார்.

"எல்லாருக்கும் சேத்துத்தான் ஒடைச்சேன் சார், சங்கம் சார்பா" என்றார் செயலாளர்.

இரண்டாவது வண்டி மூன்று சக்கரம், காற்றடைத்த டயர். சேற்றில் ராஜநடை போட்டது. சீமைக்கருவேல முள்ளில் ஏறியதும் உட்கார்ந்துவிட்டது. பஞ்சர் கடையில் தண்ணீர் லாரிக்குப் பின்னால் தன் முறைக்காகக் காத்திருந்தார். கடைக்காரர் வண்டியையும் புதிய பூசணிக்காயையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இன்னா அண்ணாத்த, உள்ள குந்திகீற அம்மாவுக்கு லைசென்ஸ் எடுத்துட்டியா?" என்றார். பஞ்சர் ஒட்டியாகிவிட்டது. ஆனால் களிமண் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் அடைத்துக்கொண்டு, தள்ளினால் சக்கரம் சுற்றாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. அதுவும் திரும்பிப் போனது.

மூன்றாவது வண்டிக்குக் கடற்கரையில் பரீட்சை. மணலில் தேறினால் எதிலும் தேறும் என்பது அவர் கட்சி. என் காரில் மாமல்லபுரம் போனோம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். மணலில் மூச்சு வாங்கத் தள்ளிக்கொண்டு போகிறார். வெளிநாட்டு அம்மாள் ஒருவர் குழந்தை என்று ஆசையாகக் கிட்டே வந்து, தொப்பியைத் தூக்கிக் கொஞ்சப் பார்த்து, பூசணி கண்ணை உருட்டியதும் வீலென்று கத்திவிட்டார். நல்லவேளையாகச் சங்குமாலை விற்கிறவர் ஒருவர் ஓடிவந்து தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சமாதானம் சொன்னார். பல்லவர் காலத்து வழக்கம், தேர்த் திருவிழா, குழந்தை வரம் தரும் தெய்வம் என்று காதில் விழுந்தது. அந்த அம்மாள் பயபக்தியோடு பூசணிக்காயைக் கும்பிட்டு ஒரு சங்குமாலையும் வாங்கிப் போட்டுவிட்டுப் போனார். வண்டி மட்டும் தேறவில்லை. வீடு திரும்பும் வழியில், "தேவிக்கு லீவு முடியப்போவுது சார்" என்றார் ஷாக்கப்சர். பூசணிக்காயைச் சங்குமாலையோடு மடியில் வைத்திருந்தார்.

அன்றுதான் அவர் அந்த முடிவுக்கு வந்தார். அவர் வீட்டு ஷோகேசில் ஒரு ஷாக்கப்சர் இருந்தது. ரிட்டையர் ஆன அன்று கம்பெனியில் பொன்முலாம் பெயின்ட் அடித்து, தேக்குப் பலகையில் பதித்து, மாலை போட்டுக் கொடுத்தது. அவரே சோதித்துப் பாஸ் போட்ட கடைசி உருப்படி. சரோஜா அம்மாவைக்கூடத் தொட்டுத் துடைக்க விடமாட்டார். அதைப் பலகையிலிருந்து கழற்றினார். உள்ளே மெல்லிய ஸ்பிரிங்கை மாற்றினார். பழைய சின்ன சைக்கிள்களின் சக்கரங்கள், முள் இறங்காத கெட்டி ரப்பர், சேறு அடைக்காதபடி அகலமான இடைவெளி, வெல்டிங் பட்டறையில் செய்த சட்டம் எல்லாம் சேர்த்து ஒரு வண்டி பிறந்தது. நடுவில் சீட்டுக்கு அடியில் அந்தத் தங்கநிற ஷாக்கப்சர். பூசணிக்காயை ஏற்றிச் செயலாளர் குளத்தில் இறக்கினார். தம்ளர் தண்ணீரில் ஓர் அலைகூட இல்லை. "வெண்ணை சார், வெண்ணை!" என்று என்னைக் கட்டிக்கொண்டார்.

அடைமழை விட்டு இரண்டாம் நாள் தேவி வந்தாள். தெருவே பால்கனியில் நின்றது. யாழினியை உட்காரவைத்து, பெல்ட் போட்டு, காலடியில் வழக்கமான தண்ணீர்த் தம்ளரையும் வைத்து, சாமி கும்பிட்டுத் தள்ளினார்கள். நானும் பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு கூடவே போனேன். நோட்டீசில் இருந்த வெள்ளைக்காரக் குடும்பம் தார் ரோட்டில்கூட அப்படிப் போயிருக்காது. வண்டி சேற்றின் மேல் மிதந்தது.

யாழினி கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். இந்தப் பக்கம் பார்த்தாள். அந்தப் பக்கம் பார்த்தாள். பிறகு உதட்டைப் பிதுக்கினாள்.

அழுகை என்றால் சாதாரண அழுகை இல்லை. ஷாக்கப்சர் குனிந்து பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. "ஆடவே இல்லையேடா செல்லம், இன்னாத்துக்கு அழுவுற?" என்று கெஞ்சினார். கிலுகிலுப்பை காட்டினார். காக்கா காட்டினார். பூசணிக்காய் இத்தனை நாளில் ஒரு தடவையாவது இப்படிச் செய்ததா? பாதி தூரம் வருவதற்குள் குழந்தைக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது.

"போதும்ப்பா. திருப்பு" என்றாள் தேவி. கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கேட்கச் சகிக்கவில்லை. ஷாக்கப்சர் அவள் முகத்தைப் பார்க்காமல், "இந்த ஒரு பள்ளம்மா. இத மட்டும் தாண்டிடறேன்" என்று செயலாளர் குளத்தில் வண்டியை இறக்கினார்.

"டக்" என்று ஒரு சத்தம் கேட்டது. அவர் பாஸ் போட்ட கடைசி உருப்படி, சீட்டுக்கு அடியில் அப்படியே இறுகிப் பிடித்துக்கொண்டது. அதற்குப்பிறகு அது வண்டியே இல்லை. மேட்டில் ஏறித் 'தொம்' என்று விழுந்தது. குழந்தை ஒரு சாண் எம்பி உட்கார்ந்தது. தம்ளர் பறந்து, வாசலில் நின்ற செயலாளர் வேட்டியில் தண்ணீரைக் கொட்டியது.

அழுகை நின்றுவிட்டது.

யாழினி கண்ணை அகல விரித்துத் தாத்தாவைப் பார்த்தாள். அவர் இன்னோர் அடி தள்ளினார். 'தொம்.' குழந்தை கெக்கெக்கே என்று சிரித்தது. 'தொம்.' மறுபடியும் சிரிப்பு. 'தொம், தொம்.' பொக்கை வாயைத் திறந்து, காலை உதைத்து, இன்னும் இன்னும் என்று எம்பியது. பள்ளம் இல்லாத இடத்தில் முகம் சுருங்கியது. உடனே ஷாக்கப்சர் வண்டியை வளைத்து, இருக்கிற பள்ளமெல்லாம் தேடித்தேடி இறக்கினார். குலுக்கலோடு ஆயுள் முழுக்கச் சண்டை போட்ட மனிதர், சேறு முகத்தில் தெறிக்க, பேத்தியை விடச் சத்தமாகச் சிரித்துக்கொண்டே மெயின் ரோடு வந்து சேர்ந்தார்.

தேவி ஓடிவந்து, சேற்றோடு சேர்த்து அப்பாவைக் கட்டிக்கொண்டாள். "ரிப்பேர் மட்டும் பண்ணிடாதப்பா" என்றாள். அவர் வண்டிக்கு அடியில் கையை விட்டு இறுகிப்போன உருப்படியைத் தொட்டுப் பார்த்தார். "நான் பாஸ் போட்டது பெயில் ஆயிடுச்சு சார்" என்று என்னிடம் சொன்னார். அவ்வளவு சந்தோஷமாகத் தோற்ற ஒருவரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. யாழினி தாத்தா வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அடுத்த கோடையில், எதிர்பாராத விபத்தாக, ரோடு வந்தது. ரோடு கேட்டு எழுதிய மனுவில் முதல் கையெழுத்து ஷாக்கப்சருடையது. ஜல்லி கொட்டி ரோலர் வந்து நின்ற அன்று, காண்ட்ராக்டர் முன்னால் போய்க் கைகட்டி நின்றவரும் அவரே.

"சார், ரோடு போடுங்க, வேணாங்கல. எங்க வூட்டாண்ட ஒரு நாலு பள்ளம் மட்டும் வுட்டுடுங்க. குலுங்கலன்னா கொழந்த தூங்காது சார்."

"என் சர்வீஸ்ல பள்ளம் வேணும்னு கேட்ட மொத ஆளு நீங்கதான் சார்" என்றார் காண்ட்ராக்டர். பிறகு அவர் தோளில் கைபோட்டு, "கவலப்படாதீங்க. ஒரு மழை வரட்டும், நாங்க போட்ட ரோட்டுலயே தானா வந்துரும்" என்று ஆறுதல் சொன்னார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

நான் இப்போது செங்கல்பட்டுக்கு வீடு மாறிவிட்டேன். சிமென்ட் ரோடு, தெருவிளக்கு, எல்லாம் உண்டு. போன ஞாயிற்றுக்கிழமை அங்கே போயிருந்தேன். யாழினி நடக்கிறாள். வண்டியில் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். அதில் கண்ணை உருட்டும் பூசணிக்காய் ஒன்றை உட்காரவைத்து, அவள்தான் பள்ளம் பள்ளமாகத் தள்ளிக்கொண்டு போகிறாள். பின்னால் கையைக் கட்டிக்கொண்டு ஷாக்கப்சர் போகிறார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து உள்ளே ஓடி, விளிம்பு தட்டத் தட்டக் காபியோடு வந்தார். "கையில வெச்சிகினே எங்ககூட ஒரு ரவுண்டு வாங்க சார். குடிக்கக்கூடாது. மாப்ள பண்ண வேல எனக்கு அப்பவே தெரியும்" என்றார்.

திரும்பி வந்தபோது என் தம்ளரில் பாதிதான் இருந்தது. மீதி சட்டையில். "பெயிலு!" என்று யாழினி கைகொட்டினாள். "வுடுங்க சார், அடுத்த ஞாயித்துக்கெழம மறுபடி டெஸ்ட்டு" என்றார் ஷாக்கப்சர். போகத்தான் போகிறேன். அந்த ஒரு வாசலில் பெயிலாவதற்கு எத்தனை தடவை வேண்டுமானாலும் போவேன்.